கனமான ஆளுக்குப் பழைய ரோடு சைக்கிள்: பெங்களூரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் 104 கிலோ. அல்சூரில் குடியிருக்கிறேன். ஆறு வருடமாக ரோடு சைக்கிள் ஓட்டுகிறேன். ஆட்டுக்கொம்பு போல வளைந்த ஹேண்டில்பார், ஒல்லி டயர், அந்த ரகம். இதுவரை வாங்கிய இரண்டும் பிறர் ஓட்டிக் கழித்தவை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரைப் பக்கம் டீக்கு நிறுத்தினால், யாராவது ஒரு குண்டுத் தம்பி வண்டியை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "அண்ணா, இது உங்களைத் தாங்குதா?" என்று கேட்காத வாரம் இல்லை. அந்தக் கேள்வியும் அதன் பின்னால் வரும் கேள்விகளும் இங்கே.

தாங்குமா, தாங்காதா?

தாங்கும். பெரும்பாலான கம்பெனிகள் ஒரு மொத்த எடை வரம்பு சொல்கின்றன. ட்ரெக் தன் ரோடு சைக்கிள்களுக்குப் பொதுவாகச் சொல்வது 125 கிலோ. மொத்தம் என்றால் நீங்கள், சைக்கிள், முதுகுப்பை, தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்து. வண்டி 10 கிலோ, பை 3 கிலோ என்றால் உங்களுக்கு மிஞ்சுவது 112. கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் இந்த எண் மாறும். வாங்கப் போகும் மாடலின் மேனுவலைத் தேடி அந்த ஒரு வரியை மட்டுமாவது படித்துவிடுங்கள். விற்பவரிடம் கேட்டால், "எங்க மாமா 120 கிலோ சார், அவரே ஓட்டுவாரு" என்பார். எல்லோருக்கும் அப்படி ஒரு மாமா இருக்கிறார்.

ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு முதலில் போவது ஃப்ரேம் இல்லை. பின் சக்கரம்.

ஏன் பின் சக்கரம்?

என் முதல் வண்டிக் கதையைச் சொன்னால்தான் புரியும். சர்ஜாபூர் ரோட்டில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாங்கினேன். பார்க்க அவ்வளவு அழகு. முன் சக்கரத்தில் 20 போக்ஸ் கம்பி, பின்னால் 24. கம்பி குறைந்தால் எடை குறையும், வேகம் கூடும் என்று விற்றவர் விளக்கினார், நானும் தலையாட்டினேன். மூன்றாவது வாரம் ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில் ஒரு ஹம்ப் ஏறி இறங்கியபோது "டிங்" என்று ஒரு சத்தம். சக்கரம் கோணிக்கொண்டு பிரேக் கட்டையில் உரச ஆரம்பித்தது. ஒரு கம்பி போயிருந்தது. மாற்றினேன். பத்து நாளில் இன்னொன்று. இரண்டு மாதத்தில் நான்கு.

ஐந்தாவது தடவை சிவாஜிநகரில் ஒரு சந்துக்குள் கடை வைத்திருந்த பெரியவரிடம் போனேன். சொந்த ஊர் ஆம்பூர் பக்கம். அவர் சக்கரத்தைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. தம்புரா மீட்டுவது போல ஒவ்வொரு கம்பியாக விரலால் சுண்டிக்கொண்டே போனார். டிங், டிங், டிங், டொக். நின்றார். "கேட்டியா? இது செத்துப்போச்சு. கம்பி உன் வெயிட்டால உடையல தம்பி. லூசா இருக்கிறதால உடையுது."

விஷயம் இதுதான். சக்கரம் உருளும்போது தரையைப் பார்க்கும் கம்பி சற்றே தளர்கிறது, மேலே போனதும் மறுபடி இறுகுகிறது. 100 கிலோமீட்டர் ஓட்டினால் சுமார் 47,000 தடவை இது நடக்கும். இறுக்கமாகக் கட்டிய சக்கரத்தில் இந்தத் தளர்ச்சி கம்பியை ஒன்றும் செய்யாது. ஏற்கெனவே லூசான கம்பி ஒவ்வொரு சுற்றிலும் முழுசாகத் தொய்ந்து மறுபடி விறைக்கும். கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கினால் ஒரு கட்டத்தில் முறியுமே, அதே கதை. சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் நுழையும் இடத்தில் கம்பி வளைகிறதல்லவா, முறிவது பெரும்பாலும் அங்கேதான். பின் சக்கரத்தில் நம் எடையில் பாதிக்கு மேல் விழுகிறது. போதாததற்கு வலது பக்கம் பல் சக்கரங்கள் இடத்தை அடைத்துக்கொள்வதால் அந்தப் பக்கக் கம்பிகள் விறைப்பாகவும் இடது பக்கக் கம்பிகள் தளர்வாகவும் இருக்கும். கம்பி எண்ணிக்கையும் குறைந்தால் ஒவ்வொன்றின் தலையிலும் பாரம் கூடுகிறது.

ஆகவே பின் சக்கரத்தில் 32 கம்பியாவது வேண்டும். 36 கிடைத்தால் கும்பிட்டு வாங்குங்கள். 24-க்குக் கீழே உள்ளதை யார் சும்மா கொடுத்தாலும் அதை ஓட்டும் சக்கரமாக எண்ணாதீர்கள்.

அந்தப் பெரியவர் ஷிமானோ கம்பெனி ஹப், இரட்டைச் சுவர் ரிம், 36 புதுக் கம்பி போட்டுச் சக்கரம் கட்டிக் கொடுத்தார். கூலியோடு 7,000 ரூபாய் ஆனது. நாலு வருடம், ஒரு கம்பிகூடப் போகவில்லை. இப்போது என்னிடம் பட்ஜெட் என்ன என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது: கையில் 30,000 இருந்தால் 22,000-க்கு வண்டி பாருங்கள், மீதி பின் சக்கரத்துக்கு.

விற்பவர் வீட்டில் சக்கரத்தை எப்படிச் சோதிப்பது?

சீட்டைப் பிடித்துப் பின்புறம் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். இடவலமாக ஆடினால் கோட்டம், அதை எடுத்துவிடலாம். மேலும் கீழும் குதித்தால் ரிம் எங்கோ குழியில் அடி வாங்கியிருக்கிறது. அது லேசில் சரியாகாது. பிறகு கம்பிகளைச் சுண்டுங்கள். வலது பக்கம் ஒரு சுருதி, இடது பக்கம் ஒரு சுருதி வரும், அது சரி. ஒரே பக்கத்துக்குள் சுருதி மாறினால்தான் சிக்கல். ஒன்றிரண்டு கம்பி மட்டும் புதிதாகப் பளபளத்தால், "எத்தனை கம்பி மாத்தியிருக்கீங்க?" என்று கேளுங்கள். மூன்றுக்கு மேல் என்றால் மற்றவையும் அதே வயது, அதே உழைப்பு, வரிசையாகப் போகும்.

ஃப்ரீவீலா கேசட்டா என்று பார்க்கச் சொல்கிறார்களே?

கட்டாயம் பாருங்கள். பின்னால் இருக்கும் பல் சக்கரக் கொத்து ஹப்பில் பொருந்தும் இரண்டு வகைகள் இவை. விலை குறைந்த, பின்னால் ஏழு பல் சக்கரம் உள்ள வண்டிகளில் பலவும் ஃப்ரீவீல் வகை. அதில் வலது பக்கப் பால்ரஸ் ஹப்புக்குள் வெகு உள்ளே உட்கார்ந்திருக்கும். அதற்கு வெளியே ஆக்சில் ஒரு நீளத்துக்குத் தாங்கலே இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். கனமான ஆள் குழியில் விட்டால் அது வளையும், சில நேரம் முறியும். மயிலிறகு ஏற்றினாலே அச்சு முறியுமாம், நாமோ மயிலிறகு இல்லை. கேசட் வகையில் பால்ரஸ் ஓரத்துக்கு அருகிலேயே இருப்பதால் இந்தத் தொல்லை அரிது. ஷிமானோவின் கியர் செட்களில் கிளாரிஸ் என்பது பின்னால் எட்டு கியர், சோரா ஒன்பது, டியாக்ரா பத்து. இவை கேசட்டோடு வருபவை. எண்ணிப் பார்த்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் போட்டோ எடுத்து ஒரு மெக்கானிக்குக்கு அனுப்புங்கள்.

டயர் எத்தனை அகலம்? காற்று எவ்வளவு?

பழைய ரோடு சைக்கிள்கள் 23 மி.மீ. டயரோடு வரும். 60 கிலோ ஆளுக்கு, நல்ல தார் ரோட்டுக்கு அது போதும். நமக்கு, அதுவும் மழைக்காலத்து பெங்களூர் ரோட்டுக்கு, 28-க்குக் குறையாமல் வேண்டும். 32 இன்னும் நிம்மதி. ஆனால் ஃப்ரேமில் இடம் இருக்க வேண்டுமே! சாதாரண ரிம் பிரேக் வண்டிகளில் பலவற்றுக்கு 25 அல்லது 28-தான் எல்லை. வாங்குமுன் டயருக்கும், முன் சக்கரத்தைக் கவ்வும் ஃபோர்க்குக்கும் நடுவே, டயருக்கும் பின் ஃப்ரேமுக்கும் நடுவே எவ்வளவு சந்து இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். இப்போது 25 போட்டிருந்து, பக்கத்துக்கு ஐந்தாறு மி.மீ. மிச்சம் இருந்தால் 28 நுழையும்.

நான் 28 டயரில் பின்னால் 95 பிஎஸ்ஐ, முன்னால் 80 வைக்கிறேன். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாதீர்கள். வாரம் ஒரு தடவை காற்றடிக்க வேண்டும், அதற்கு அளவு காட்டும் பம்ப் ஒன்று வேண்டும். டியூபில் பாம்பு கடித்தது போல ஜோடியாக இரண்டு ஓட்டை விழுந்தால் முள் குத்தவில்லை என்று அர்த்தம். காற்றுக் குறைவால் ரிம் டியூபை நசுக்கியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. புதிய ரக கார்பன் சக்கரங்கள் சிலவற்றில் டயரைக் கவ்வும் கொக்கி ரிம்மில் இருக்காது. அவற்றில் 5 பாருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 72 பிஎஸ்ஐக்கு மேல், காற்றடிக்கக் கூடாது. ஒல்லி டயரில் அந்தக் காற்று நம் எடைக்குப் போதாது.

நந்தி மலை ஏறணும். கியர் எப்படிப் பார்க்கிறது?

எல்லோருக்கும் நந்தி ஏறணும்! 1,478 மீட்டர் உச்சி, நகரமோ 900 சொச்சம். விடிவதற்குள் அடிவாரம் போய், மேலே போய் மூடுபனியில் ஒரு செல்ஃபி. ஏறலாம். முன்னால் சின்னச் சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரியதில் 28 பல் என்றால், 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டரில் போகும்போது கால் நிமிடத்துக்கு 52 சுற்றுதான் சுற்றும். முட்டி கெஞ்சும். பின்னால் 34 இருந்தால் அதே வேகத்தில் 63 சுற்று. இந்த 11 சுற்றில்தான் ஏறுவதும் இறங்கித் தள்ளுவதும் இருக்கிறது. முன்னால் மூன்று பல் சக்கரம் உள்ள பழைய வண்டிகளைப் பந்தயக்காரர்கள் சீந்த மாட்டார்கள், அதனால் விலை மலிவு. மூன்றில் சின்னது பெரும்பாலும் 30. நமக்கு அது லாட்டரி.

இறங்கும்போது பிரேக் பிடிக்குமா?

ஏறுவதைவிட இதைத்தான் கேட்க வேண்டும். ஆளும் வண்டியும் 115 கிலோ, 280 மீட்டர் உயரம் இறங்குகிறீர்கள் என்று வையுங்கள். அந்த ஆற்றல் முழுவதும் சூடாக மாறினால் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கும். கொஞ்சத்தைக் காற்று எடுத்துக்கொள்ளும், மிச்சம் உங்கள் பிரேக்கில்தான் போகிறது. எனவே காசு இடம் கொடுத்தால் டிஸ்க் பிரேக். ஷிமானோ டிஸ்க் தட்டு புதிதில் 1.8 மி.மீ.; 1.5-க்கு வந்தால் மாற்ற வேண்டும்.

ரிம் பிரேக் வண்டியும் மோசமில்லை, என்னுடையது அதுதான். ஆனால் ரிம் தேய்மானத்தைப் பாருங்கள். பர்ஸிலிருந்து ஏடிஎம் கார்டை எடுத்து அதன் நேரான ஓரத்தைப் பிரேக் கட்டை உரசும் பரப்பில் வையுங்கள். கார்டுக்கும் ரிம்முக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் அந்த இடம் குழிந்துவிட்டது. குழிந்த ரிம் காற்றழுத்தத்தில் பிளக்கக்கூடும். இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தபடி வராதீர்கள். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு விடுங்கள், ரிம் ஆறட்டும்.

கார்பன் ஃப்ரேம் மலிவா வருது, வாங்கலாமா?

முன்பின் தெரியாதவரிடம் வேண்டாம். கார்பன் பலமானதுதான், நம் எடையையும் தாங்கும். ஆனால் அடிபட்டது வெளியே தெரியாமல் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடத்தில் கணீரென்றும் கெட்ட இடத்தில் மந்தமாகவும் கேட்கும் என்பார்கள். எனக்கு அந்தக் காது இல்லை. அலுமினியம் அல்லது குரோமோலி ஸ்டீல் ஃப்ரேம், கார்பன் ஃபோர்க், இது போதும். அலுமினியத்தில் ஹேண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்தின் அடிப்புறம், பெடல் அச்சைச் சுற்றி, சீட் குழாயின் கழுத்து. இந்த மூன்று இடங்களையும் துணியால் துடைத்துவிட்டு நகத்தை ஓட்டுங்கள். பெயிண்டில் முடி போல ஒரு கோடு, நகம் தட்டுகிறது என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

எனக்குத் தொப்பை. குனிஞ்சு ஓட்ட முடியுமா?

பந்தய வண்டியில் கஷ்டம். கால் மேலே வரும்போது தொடை வயிற்றில் இடிக்கும், மூச்சு முட்டும். நீண்ட தூரம் ஓட்டுவதற்கென்று வரும் ரகத்தில் ஹேண்டில் உயரமாக இருக்கும், அதைப் பாருங்கள். பருமனுக்காகப் பெரிய சைஸ் ஃப்ரேம் எடுக்காதீர்கள். ஃப்ரேம் அளவு உயரத்துக்கு, அகலத்துக்கு இல்லை. 5 அடி 8 அங்குலத்துக்கு 54 சைஸ் பக்கம் ஓட்டிப் பார்க்கலாம். இன்னொன்று: முந்தைய ஓனர் ஸ்டைலுக்காக ஃபோர்க் குழாயின் தலையை அறுத்திருந்தால் பிறகு ஹேண்டிலை உயர்த்த வழியில்லை. ஹேண்டிலுக்குக் கீழே இரண்டு மூன்று வளையம் அடுக்கியிருந்தால் நல்ல சகுனம்.

சீட் வலிக்குமே, அகலமா மெத்துனு ஒண்ணு போட்டுடலாமா?

வேண்டாம், தொடை உரசும். உட்கார்ந்தால் இடுப்பின் அடி எலும்பு இரண்டும் சீட்டின் மேல் விழ வேண்டும், அவ்வளவுதான். அட்டைப்பெட்டித் துண்டின் மேல் கொஞ்சம் உட்கார்ந்து எழுந்தால் இரண்டு பள்ளம் தெரியும். அந்த இடைவெளியைவிட இரண்டு மூன்று செ.மீ. கூடுதலான அகலம் போதும்.

வேறு எதைப் பார்க்க வேண்டும்?

வண்டி எங்கே வாழ்ந்தது என்று பாருங்கள். 2020, 21-ல் ஊரடங்கில் ஆசையாக வாங்கிப் பால்கனியில் போட்டவை இங்கே ஏராளம். ஓடாத வண்டி என்றால் புதிது என்று அர்த்தமில்லை. புறா எச்சம் கியரில் வெள்ளையாகப் பூத்திருக்கும், டயர் ஓரம் வெடித்திருக்கும். அல்சூர் வள்ளுவர் சிலை 18 வருடம் மூடிக்கிடந்து 2009-ல் திறந்தார்கள். சிலைக்கு ஒன்றும் ஆகாது, ரப்பருக்கு ஆகும். இரண்டு டயர், இரண்டு டியூப், ஒரு ஓவராயில் செலவைக் கணக்கில் கழித்துவிடுங்கள்.

இதைவிட மோசமானது வீட்டுக்குள் ட்ரெய்னரில், அதாவது நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் ஸ்டாண்டில், பூட்டி ஓட்டிய வண்டி. வியர்வை சொட்டிச் சொட்டி, ஹேண்டில்பாரில் சுற்றிய டேப்புக்குள் அலுமினியம் உப்பு பூத்து அரித்திருக்கும். நாமோ முழு எடையையும் அந்த ஹேண்டிலில் சாய்ப்பவர்கள். நான் ஒரு தடவை பென்னிகானஹள்ளியில் டேப்பைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். விற்பவர் முகம் மாறியது. உள்ளே வெள்ளைப் பொடி, தேங்காய்த் துருவல் மாதிரி.

செயின் தேய்ந்து நீண்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும். செயின் கண்ணிகளை இணைக்கும் ஊசி ஒன்றின் நடுவில் ஸ்கேலின் சுழியை வைத்தால் 24 ஊசி தள்ளி சரியாக 12 அங்குலம் வர வேண்டும். ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப்போயிருந்தால் செயின் மாற்ற வேண்டும். அதற்கு இரண்டு மடங்கு என்றால் கேசட்டும் சேர்த்துப் போயிருக்கும். பிடியைத் தளர்த்தினால் சீட் கம்பி மேலும் கீழும் நகர்கிறதா என்றும் பாருங்கள். உள்ளேயே இறுகிப்போனதை எடுக்க நான் பட்ட பாடு தனிக்கதை.

ஓட்டிப் பார்க்கும்போது?

சமதளத்தில் ஓட்டிப் பயனில்லை. பக்கத்தில் ஒரு மேம்பாலம் இருந்தால் அங்கே எழுந்து நின்று மிதியுங்கள். சக்கரம் பிரேக்கில் உரசினால் சக்கரம் நொய்மை. கிளிக் கிளிக் என்றால் பெடல் அச்சு.

விலை எப்படிப் பேசுவது?

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. விற்பவர் தன் பழைய பில்லை வைத்துக் கணக்குப் போடுவார். நீங்கள் அதே ரகப் புது வண்டியின் இன்றைய விலையை வைத்துப் போடுங்கள். மூன்று வருடப் பழசுக்கு அந்த விலையில் பாதிக்கு மேல் நான் கொடுக்க மாட்டேன். பேர் பெற்ற இறக்குமதி வண்டிதான் வேண்டும் என்று இல்லை. அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸின் மான்ட்ரா வண்டிகளும் டெகாத்லானின் ட்ரைபன் வண்டிகளும் இங்கே கைமாறிக்கொண்டே இருக்கின்றன. சின்ன வயதில் டிஐயின் பிஎஸ்ஏ எஸ்எல்ஆர் சைக்கிளில் டபுள்ஸ், ட்ரிபிள்ஸ் போனவர்கள்தானே நாம்.

திருட்டு வண்டியா இருந்தா?

சைக்கிளுக்கு ஆர்சி புக் கிடையாது, அதனால் பில்லும் நம்பரும்தான் ஆதாரம். வண்டியைக் கவிழ்த்தால் பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் ஃப்ரேம் நம்பர் இருக்கும். அது பில்லில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். நம்பரைச் சுரண்டியிருந்தால் தொடாதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவதும் குற்றம். பாரதிய நியாய சம்ஹிதையில் 317-வது பிரிவு. பில் தொலைந்துவிட்டது என்றால் ஒரு தாளில் நம்பரோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

கொஞ்சம் எடையைக் குறைச்சுட்டு அப்புறம் வாங்கலாம்னு இருக்கேன்.

அப்படி இருந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வாங்கியாச்சு. முதலில் என்ன செய்வது?

மெக்கானிக்கிடம் கொடுத்துப் பின் சக்கரக் கம்பிகளை எல்லாம் ஒரே இறுக்கத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிறகு 200 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி கொண்டுபோங்கள், கம்பிகள் இடம் பிடித்த பின் கொஞ்சம் தளரும். நான் இரண்டாவது தடவை போனபோது பெரியவர் காசு வாங்கவில்லை. கம்பிகளைச் சுண்டிப் பார்த்தார், மூன்றை மட்டும் கால் திருகு திருகினார், "போ" என்றார்.